அச்சுப்பலகை கொண்டு மரம் வெட்டுதல்: ரூட்டர் மேசையா, ஸ்பிண்டில் மோல்டரா?

ஒரே வடிவமுள்ள மரத்துண்டுகள் பலவற்றை, ஒரு மாதிரிப் பலகையின் விளிம்பைப் பின்பற்றிச் சுழலும் கட்டரால் வெட்டியெடுக்கும் முறை அச்சுவெட்டு எனப்படும். மாதிரியாக அமையும் பலகையை இக்கட்டுரையில் அச்சுப்பலகை என்று குறிப்பிடுகிறோம். பட்டறைகளில் இதனை 'டெம்ப்ளேட்' என்றும் 'மாடல்' என்றும் சொல்வர். வளைவுச் சன்னல், நாற்காலிக் கால், ஊஞ்சல் பலகையின் ஓரம், படச் சட்டத்தின் வளைவு எனத் தச்சு வேலையின் பல இடங்களில் இம்முறை பயன்படுகிறது.

இவ்வேலையைச் செய்ய இரண்டு இயந்திரங்கள் உள்ளன. ஒன்று ரூட்டர் மேசை; மற்றொன்று ஸ்பிண்டில் மோல்டர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சிறு பட்டறை நடத்தும் தச்சர் ஒருவர் முதன்முதலாக இயந்திரம் வாங்க நினைக்கும்போது, இவற்றுள் எது தமக்கு ஏற்றது என்ற கேள்வி எழுகிறது. பிழையான தேர்வு கடனை வீணாக்கும். இயந்திரத்தின் இயல்பு அறியாமல் அதன் முன் நின்றால் விரலும் போகும். எனவே இரண்டின் அமைப்பு, ஆற்றல், எல்லை, ஆபத்து ஆகியவற்றை வரிசையாகக் காண்போம்.

பெயர்க் குழப்பம்

ஆங்கிலம் வழங்கும் சில நாடுகளில் ஸ்பிண்டில் மோல்டரை 'ஷேப்பர்' என்று அழைப்பர். நம் நாட்டில் தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) 'ஷேப்பர்' என்றால் அது முன்னும் பின்னும் நகர்ந்து இரும்பைச் சீவும் வேறோர் இயந்திரம். இணையத்தில் தேடும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். மரப்பட்டறைகளில் 'ஸ்பிண்டில் மிஷின்' அல்லது சுருக்கமாக 'ஸ்பிண்டில்' என்றே வழங்குவதால், இக்கட்டுரையும் அப்பெயரையே கையாள்கிறது.

காவிரிப் படுகையில் அச்சுவெட்டுக்குரிய வேலைகள்

இப்பகுதியின் மரவேலைகள் அனைத்தும் அச்சுவெட்டுக்குப் பொருந்துவன அல்ல. இதனை முதலில் பிரித்தறிதல் நன்று.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. ஒரே மரத்தில் குடைந்து செய்யப்படுவது ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைப்பது மற்றொரு வகை. குடத்தின் சுவரை எவ்வளவு மெலிதாக்குவது என்பதை அந்தந்த மரத்தின் தன்மை பார்த்துக் கைவினைஞர் முடிவு செய்கிறார். அது உளியும் கொட்டாப்புளியும் செய்யும் வேலை. அச்சுப்பலகை தட்டையான விளிம்பை மட்டுமே நகலெடுக்கும், குடைவை நகலெடுக்காது.

தேர்ச் சிற்பங்களும் அவ்வாறே. ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியே செதுக்கப்படுவது. ஆயினும் மரபு வேலைக்குள் இயந்திரம் நுழையவே கூடாது என்று நம் முன்னோர் கருதவில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் அச்சும் நீரழுத்தத் தடையும் செய்து கொடுத்தது. தேரின் மர வேலைப்பாடு மரபுப்படியே தொடர்கிறது. ஓடுவதும் நிற்பதும் மட்டும் பொறியியலிடம் ஒப்படைக்கப்பட்டன. எந்தப் பகுதிக்கு இயந்திரம், எந்தப் பகுதிக்குக் கை என்று பிரித்துப் பார்க்கும் இப்பார்வையே நமக்கும் தேவை.

தஞ்சாவூர் ஓவியம் 2007-08ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. முற்காலத்தில் பலாப் பலகையின் மேல் துணி ஒட்டி வரையப்பட்டதால் இதற்குப் 'பலகைப் படம்' என்னும் பெயரும் உண்டு. இப்போது ஒட்டுப்பலகை (பிளைவுட்) மிகுதியாகப் பயன்படுகிறது. இவ்வோவியத்தின் தேக்குச் சட்டங்களில் நேர்ச்சட்டம், மேற்புறம் வளைந்த சட்டம் என இருவகை உண்டு. நேர்ச்சட்டத்தின் ஓரச் சித்திரம் தடுப்புப் பலகையை ஒட்டி மரத்தை நகர்த்தி வெட்டப்படுவது. அதற்கு அச்சுப்பலகை வேண்டா. வளைந்த சட்டத்துக்கே அச்சுப்பலகை வேண்டும்.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது வளைவு மேற்கட்டையுள்ள சன்னல்கள், கதவின் மேல் அமையும் அரைவட்டக் காற்றுப்போக்கிகள், திண்ணைத் தூண்களின் மேல் வரும் வளைவுகள் ஆகியவை தேவைப்படும். ஒன்று உடைந்தால் அதைப்போலவே மற்றொன்று வேண்டும். அச்சுவெட்டின் உண்மையான பயன் இங்குதான் உள்ளது.

அச்சுவெட்டின் அடிப்படை

கட்டரின் மேலோ கீழோ, கட்டர் வெட்டும் விட்டத்துக்குச் சமமான விட்டமுள்ள ஒரு பேரிங் பொருத்தப்பட்டிருக்கும். பேரிங் அச்சுப்பலகையின் விளிம்பில் உருளும்; கட்டர் மரத்தை வெட்டும். இரண்டும் ஒரே விட்டம் என்பதால் அச்சுப்பலகையின் வடிவம் அப்படியே மரத்தில் பதியும்.

செய்முறை பின்வருமாறு:

1. 9 முதல் 12 மி.மீ. தடிப்புள்ள பலகையில் வடிவத்தை வரைந்து அறுத்து, விளிம்பை அரமும் உப்புத்தாளும் கொண்டு வழவழப்பாக்க வேண்டும். அச்சுப்பலகையில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் எல்லாத் துண்டுகளிலும் வந்து நிற்கும்.

2. மரத்தின் மேல் அச்சுப்பலகையை வைத்துக் கோடு வரைந்து, பேண்ட்சா அல்லது ஜிக்சா கொண்டு கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுக்க வேண்டும். பெரும்பகுதி மரத்தை அகற்றுவது ரம்பத்தின் வேலை. கடைசி 2 மி.மீ. மட்டுமே கட்டரின் வேலை.

3. மரத்தை அச்சுப்பலகையுடன் திருகாணியாலோ, இருபுறப் பசைநாடாவாலோ, பிடிகருவியாலோ அசையாமல் இணைக்க வேண்டும்.

4. கட்டர் சுழலும் திசைக்கு எதிராக மரத்தை நகர்த்த வேண்டும். மேலிருந்து பார்க்கையில் கட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்றால், முன்னால் நிற்பவர் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் கட்டர் மரத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடும். பிடித்திருக்கும் கையும் உடன் போகும்.

5. அச்சுப்பலகையின் இரு முனைகளும் மரத்தைவிட ஓரிரு அங்குலம் நீண்டிருக்க வேண்டும். முதலில் பேரிங் அச்சுப்பலகையில் தொட்டு நிலைபெற்ற பிறகே கட்டர் மரத்தைத் தொட வேண்டும். விபத்துகள் பல, மரத்தின் முனை கட்டரில் நுழையும் அந்த நொடியில்தான் நேர்கின்றன.

இந்த ஐந்தும் இரு இயந்திரங்களுக்கும் பொது.

ரூட்டர் மேசை

ரூட்டர் என்பது கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டும் கருவி. அதனைத் தலைகீழாக ஒரு மேசையின் அடியில் பொருத்தி, பிட் மேலே நீண்டிருக்குமாறு அமைத்தால் அது ரூட்டர் மேசை. மேசையைத் தச்சரே ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளலாம்.

பிட்டின் தண்டு 6, 8 அல்லது 12 மி.மீ. தடிப்பில் கிடைக்கிறது. அச்சுவெட்டுக்கு 12 மி.மீ. தண்டே பாதுகாப்பானது. 6 மி.மீ. தண்டு நீளமான பிட்டைத் தாங்காது. அதிரும், சில வேளை முறியும். மோட்டாரின் ஆற்றல் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று குதிரைத்திறன். வேகம் நிமிடத்துக்கு 8,000 முதல் 24,000 சுற்றுகள் வரை மாற்றக்கூடியது.

ஸ்பிண்டில் மோல்டர்

கனமான வார்ப்பிரும்பு மேசை. அதன் நடுவே செங்குத்தாக எழும் தடித்த தண்டு. கீழே பட்டையால் (பெல்ட்) இயக்கும் மோட்டார். இதுவே ஸ்பிண்டில். தண்டின் தடிப்பு 30 மி.மீ. அளவில் இருப்பது பரவலாகக் காணப்படுவது. மோட்டார் மூன்று முதல் ஏழரை குதிரைத்திறன் வரை இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 3,000 முதல் 10,000 சுற்றுகள் வரை, பட்டையைப் புல்லி மாற்றிப் போட்டு அமைக்கப்படும். கட்டரின் விட்டம் 80, 100, 120 மி.மீ. என்று பெரிதாக இருக்கும். ஒரே தண்டில் கட்டர்களை அடுக்கியும் பொருத்தலாம்.

சுழலும் திசையை மாற்றும் வசதி ஸ்பிண்டிலில் உண்டு. இது சிறிய செய்தி போலத் தோன்றினாலும், வளைவு வெட்டும்போது இதன் அருமை தெரியும். அதனைப் பின்னர் காண்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

24,000 சுற்று ஓடும் ரூட்டர் 7,000 சுற்று ஓடும் ஸ்பிண்டிலைவிட வேகமானது என்று மாணவர்கள் எண்ணக்கூடும். மரத்தை வெட்டுவது சுற்றுகளின் எண்ணிக்கை அன்று. கட்டரின் விளிம்பு நகரும் வேகம். வட்டத்தின் சுற்றளவு சூத்திரம் (π × விட்டம்) இங்குப் பயன்படும்.

ரூட்டர்: 12 மி.மீ. விட்டமுள்ள பிட், நிமிடத்துக்கு 22,000 சுற்று. 0.012 × 3.14 × 22,000 ÷ 60 = நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர்.

ஸ்பிண்டில்: 100 மி.மீ. விட்டமுள்ள கட்டர், நிமிடத்துக்கு 7,000 சுற்று. 0.1 × 3.14 × 7,000 ÷ 60 = நொடிக்கு ஏறத்தாழ 37 மீட்டர்.

மெதுவாகச் சுழலும் ஸ்பிண்டிலே இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் வெட்டுகிறது. இதே கணக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 80 மி.மீ. விட்டமுள்ள பெரிய பிட்டை ரூட்டரில் மாட்டி 22,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 92 மீட்டராகும். பிட் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. பெரிய பிட்டுக்கு வேகத்தை 10,000 சுற்றளவுக்குக் குறைக்க வேண்டும். பிட்டின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பார்க்காமல் மின்விசையை அழுத்தக் கூடாது.

வெட்டின் தரம்

பெரிய வட்டத்தின் ஓரம் சிறிய வட்டத்தின் ஓரத்தைவிடத் தட்டையானது. ஆகவே 100 மி.மீ. கட்டரின் பல் மரத்துள் சாய்வாக நுழைந்து சாய்வாக வெளியேறுகிறது. 12 மி.மீ. பிட்டின் பல்லோ செங்குத்தாக எழுந்து மரநாரைத் தூக்கிப் பிய்க்கிறது. அதனால் ஒரே மரத்தில் ஸ்பிண்டில் தரும் விளிம்பு பெரும்பாலும் தூய்மையாக இருக்கும். நார் பிய்தல் குறையும்.

ரூட்டரில் மரம் கருகுவதும் அடிக்கடி காணும் குறை. இதற்குக் காரணம் பெரும்பாலும் தயக்கமே. நிமிடத்துக்கு 4 மீட்டர் வீதம் மரத்தை நகர்த்தினால், இரு பற்கள் கொண்ட பிட் 20,000 சுற்றில் ஒவ்வொரு பல்லுக்கும் 0.1 மி.மீ. சீவுகிறது. மெதுவாக நகர்த்தினாலோ, இடையில் நிறுத்தினாலோ பல் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் சூடு, சூட்டால் கருகல். மழுங்கிய பிட்டும் இதையே செய்யும். தேக்கு மரத்தில் சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகுப் பற்கள் விரைவில் மழுங்கும். தேக்கு வேலைக்குக் கார்பைடு பல்லே ஏற்றது.

மர ரேகையும் வளைவும்

ஓர் அரைவட்ட வளைவின் மேல் விளிம்பை எண்ணிப் பாருங்கள். மரத்தின் ரேகை கிடைமட்டமாக ஓடுகிறது. வளைவின் உச்சியிலிருந்து ஒரு பக்கம் இறங்கும்போது கட்டர் ரேகையோடு செல்கிறது. வெட்டு வழவழப்பாக இருக்கும். மறுபக்கத்து அடியிலிருந்து உச்சிக்கு ஏறும்போதோ ரேகைக்கு எதிராகச் செல்கிறது. நார் பிய்ந்து ஒரு சில்லே தெறிக்கலாம். வெளி வளைவில் உச்சியிலிருந்து இரு முனைகளை நோக்கியும், உள் வளைவில் இரு முனைகளிலிருந்து நடுப்பள்ளத்தை நோக்கியும் வெட்ட வேண்டும் என்பது பொதுவிதி. கையில் இழைப்புளி பிடிப்பவரும் இவ்விதியையே பின்பற்றுகிறார்.

ஒரே திசையில் சுழலும் இயந்திரத்தில் இதை எவ்வாறு செய்வது? ரூட்டர் மேசையில், மேலும் கீழும் இரு பேரிங்குகள் உள்ள பிட்டைப் பயன்படுத்தலாம். ஒரு பாதியை வெட்டியபின் அச்சுப்பலகையோடு மரத்தைக் குப்புறத் திருப்பி, பிட்டின் உயரத்தை மாற்றி, மறு பேரிங்கை அச்சுப்பலகையில் ஓடச் செய்து மறுபாதியை வெட்ட வேண்டும். ஸ்பிண்டிலில் கட்டரைத் தலைகீழாக மாட்டி, சுழலும் திசையை மாற்றி, இடமிருந்து வலமாகத் தள்ளி வெட்டலாம். முதலில் எல்லாத் துண்டுகளின் ஒரு பாதியையும், பிறகு எல்லாவற்றின் மறுபாதியையும் முடிப்பது வழக்கம். திசையை மாற்றும்போது கட்டரை இறுக்கும் மரை தளராதவாறு பூட்டு வளையம் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிண்டிலால் இயலாதது

கட்டரின் ஆரத்தைவிடச் சிறிய உள்வளைவை எந்தக் கட்டராலும் வெட்ட முடியாது. இவ்வொரு விதி பல வேளைகளில் தேர்வை முடித்து வைத்துவிடும்.

தஞ்சாவூர் ஓவியங்களில் தெய்வ உருவின் மேல் இதழ் இதழாக வளையும் மண்டப வளைவைப் பலரும் பார்த்திருப்பர். அதைப்போல ஒரு பூசை மாடத்துக்கு மரத்தில் வளைவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இதழின் உள்வளைவு ஆரமும் 25 மி.மீ. என்றால், கட்டரின் விட்டம் 50 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. 80 மி.மீ. கட்டர் அந்த இதழுக்குள் நுழையவே நுழையாது. 19 மி.மீ. ரூட்டர் பிட் எளிதாக நுழையும். மாறாக, நான்கடி அகலச் சன்னலின் அரைவட்ட வளைவுக்கு ஆரம் 600 மி.மீ.; அங்கு இரு இயந்திரங்களும் சமமே.

ரூட்டரால் இயலாதது

ரூட்டரின் எல்லை தடிப்பில் உள்ளது. 12 மி.மீ. தண்டுள்ள அச்சுவெட்டுப் பிட்டின் வெட்டு நீளம் பெரும்பாலும் 50 மி.மீ. அளவிலேயே முடிந்துவிடும். வீட்டு நிலைக்குரிய மூன்றங்குலத் தடிப்புக் கட்டையில் வளைவு எடுக்க வேண்டுமானால், பாதிப் பாதியாக இருமுறை வெட்ட வேண்டும். நடுவில் ஒரு கோடு விழும். ஸ்பிண்டிலில் உயரமான கட்டரை மாட்டி ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். நாள் முழுவதும் ஓடும் வேலையையும் ரூட்டர் தாங்குவது கடினம். அதன் மோட்டார் கார்பன் பிரஷ் உள்ள வகை. சூடேறும், ஓசையும் மிகுதி. ஸ்பிண்டிலின் தூண்டல் மோட்டார் நாள் முழுவதும் அமைதியாக ஓடக்கூடியது.

எத்தனை துண்டுகள்?

ஸ்பிண்டிலை ஒரு வேலைக்கு ஆயத்தப்படுத்த ஒரு மணி நேரமும், பின்னர் ஒரு துண்டுக்கு 2 நிமிடமும் ஆவதாகக் கொள்வோம். ரூட்டர் மேசைக்கு ஆயத்தம் 20 நிமிடம். சிறிது சிறிதாக வெட்ட வேண்டியிருப்பதால் துண்டுக்கு 6 நிமிடம் என்போம். துண்டுகளின் எண்ணிக்கை 'எ' என்றால்,

60 + 2எ = 20 + 6எ

எனவே எ = 10. பத்துத் துண்டுகளில் இரண்டும் சமம். நான்கு துண்டுகளுக்கு ரூட்டர் 44 நிமிடமும் ஸ்பிண்டில் 68 நிமிடமும் எடுக்கும். நாற்பது துண்டுகளுக்கு ரூட்டர் 4 மணி 20 நிமிடம் எடுக்க, ஸ்பிண்டில் 2 மணி 20 நிமிடத்தில் முடித்துவிடும்.

இவ்வெண்கள் கணக்கை விளக்குவதற்காகக் கொண்டவை. ஒவ்வொரு தச்சரும் தம் பட்டறையில் எடுக்கும் நேரத்தை இட்டுப் பார்க்கலாம். கடந்த ஓராண்டில் வந்த வேலைகளை ஒரு தாளில் எழுதி, அவற்றுள் பத்துக்கு மேற்பட்ட ஒரே வடிவத் துண்டுகள் எத்தனை முறை வந்தன என்று எண்ணினால் பாதி விடை கிடைத்துவிடும்.

மின்சாரம்

ரூட்டர் ஒருமுனை மின்சாரத்தில் (230 வோல்ட்டு) ஓடும். மூன்று குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 2.2 கிலோவாட், அதற்குப் 16 ஆம்பியர் பிளக்கு போதும். பெரிய ஸ்பிண்டிலுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். பம்புசெட்டு வைத்திருக்கும் உழவர்களுக்கு மும்முனையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வயலுக்கு வந்த உழவு இணைப்பிலிருந்து பட்டறைக்குக் கம்பி இழுப்பது விதிமீறல். பட்டறைக்கெனத் தனி இணைப்புப் பெற வேண்டும். அதன் வைப்புத்தொகையையும் மாதச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒருமுனையை மும்முனையாக்கும் வி.எஃப்.டி. கருவி சிறிய ஸ்பிண்டில்களுக்கு உதவும்.

ஈரமும் அச்சுப்பலகையும்

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இப்பகுதியின் காற்றில் ஈரம் மிகும். எம்.டி.எஃப். பலகையில் அச்சு செய்வது எளிது. விளிம்பு வழவழப்பாக வரும். ஆனால் ஈரத்தில் அதன் ஓரம் உப்பிவிடும். ஐப்பசியில் மூலையில் சாத்தி வைத்த அச்சுப்பலகையைத் தை மாதத்தில் எடுத்து வெட்டினால் அளவு பொருந்தாது. ஒருமுறை வேலைக்கு எம்.டி.எஃப். போதும். ஆண்டுதோறும் தேவைப்படும் அச்சுக்கு ஐ.எஸ். 710 தரமுள்ள ஒட்டுப்பலகையோ அக்ரிலிக் தகடோ ஏற்றது. அச்சின் மேல் வேலையின் பெயர், அளவு, செய்த நாள் ஆகியவற்றை எழுதி ஆணியில் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

மரமும் உலர்ந்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது இப்பகுதியில் தென்னையோடு பலா, மா, தேக்கு மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. அவ்வாறு கிடைக்கும் மரத்தைப் பலகையாக அறுத்து, இடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் உலர்த்தாமல் கட்டரில் விட்டால் நார் கிழியும். வெட்டிய வளைவும் காய்ந்த பின் கோணும். இயந்திரம் எதுவாயினும் இக்குறையைப் போக்காது.

பாதுகாப்பு

இரண்டில் ஸ்பிண்டிலே அதிக ஆபத்தானது. ஆற்றல் மிகுதி, கட்டர் பெரிது, மரத்தைத் திருப்பி எறியும் விசையும் பெரிது. இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டின் வேலைக்கருவி விதிகளையொட்டி, கையால் மரம் தள்ளும் ஸ்பிண்டிலுக்குப் 'பல் நீட்சி குறைத்த' கட்டர்கள் கட்டாயமாயின. இவற்றில் வெட்டும் பல் தன் முன்னுள்ள தடுப்பு விளிம்பைவிட 1.1 மி.மீ. அளவே நீண்டிருக்கும். கை தவறிப் பட்டாலும் ஒரு பல் கடிக்கும் ஆழம் இதனால் குறைகிறது. மரம் திருப்பி எறியப்படும் விசையும் தணிகிறது. நம் ஊரில் வாங்கும்போதும் இவ்வகைக் கட்டரைக் கேட்டு வாங்கலாம்.

பழைய ஸ்பிண்டில்களில், இரு வளையங்களுக்கிடையே தட்டையான கத்திகளை வெறும் இறுக்கத்தால் பிடித்து வைக்கும் அமைப்பு உண்டு. இறுக்கம் சற்றுத் தளர்ந்தாலும் கத்தி குண்டுபோல் பாயும். பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் இக்கட்டரோடு ஓட்டக் கூடாது. கட்டரை மாற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இரு இயந்திரங்களுக்கும் பொதுவான காப்பு முறைகள்:

- அச்சுப்பலகையிலேயே இரு கைப்பிடிகளும் பிடிகருவிகளும் பொருத்த வேண்டும். கை மரத்தின் மேல் அன்று, பிடியின் மேல் இருக்க வேண்டும்.
- ஓரடிக்குக் குறைந்த நீளமுள்ள மரத்துண்டைப் பிடிப்பலகையின்றி வெறுங்கையால் கட்டரிடம் கொண்டு செல்லக் கூடாது. இயன்றால் நீளமான மரத்தில் வடிவத்தை வெட்டியபின் துண்டாக அறுக்க வேண்டும்.
- முனை நுழையும்போது மரத்தைச் சாய்த்துப் பிடிக்க மேசையில் தாங்குமுளை இருக்க வேண்டும்.
- கட்டரின் மேல் மூடி இருக்க வேண்டும். இடைஞ்சலாக உள்ளது என்று கழற்றி வைப்பது வழக்கமாகிவிடக் கூடாது.
- கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை ஆகா. வேட்டியை மடித்துக் கட்டுவது போதாது. இயந்திரத்தின் முன் கால்சட்டையே நல்லது.
- பிட் மாற்றும்போது சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கைப் பிடுங்க வேண்டும்; ஸ்பிண்டிலானால் முதன்மை விசையை நிறுத்திப் பூட்ட வேண்டும்.
- மூக்குக் கவசமும் தூசி உறிஞ்சியும் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டில் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வெட்டுக்காயம் அன்றே தெரியும். தூசியின் தீங்கு பல ஆண்டு கழித்தே தெரியும்.

மூன்றாவது வழி

இன்று நகரங்களில் சி.என்.சி. ரூட்டர் வைத்துக் கூலிக்கு வெட்டித் தருவோர் உள்ளனர். கணினியில் வரைந்த வடிவத்தை இவ்வியந்திரம் தானே வெட்டும். சிறு பட்டறைக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. சிக்கலான அச்சுப்பலகையை மட்டும் அங்கே வெட்டி வாங்கிக்கொண்டு, அதைக் கொண்டு தம் ரூட்டர் மேசையில் வேண்டிய துண்டுகளைச் செய்துகொள்ளலாம். கூலி ஒருமுறை, அச்சு பல ஆண்டுக்கு.

முதலீடு

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைத் தொழில்களை உள்ளடக்கியது. 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், 5 விழுக்காடு வட்டி மானியமும் இதில் உண்டு. தகுதி, வயது வரம்பு ஆகியவற்றை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது சரியன்று. வேலை இருந்தால்தான் தவணை அடையும்.

எதைத் தேர்வது?

ரூட்டர் மேசை ஏற்றதாக அமையும் நிலைகள்:

- வேலை பலவகை. ஒரே வடிவத்தில் பத்துக்குக் குறைவான துண்டுகள்.
- சிறிய உள்வளைவுகள், இதழ் வளைவுகள், நுண்ணிய சட்டங்கள்.
- மரத்தின் தடிப்பு 50 மி.மீ.க்குள்.
- ஒருமுனை மின்சாரம், குறைந்த இடம், முதல் இயந்திரம்.

ஸ்பிண்டில் ஏற்றதாக அமையும் நிலைகள்:

- கதவு, நிலை, சன்னல், நாற்காலி எனத் தொடர்ந்து வரும் ஒரே வகை வேலை.
- தடித்த மரம், கடின மரம், பெரிய ஆரமுள்ள வளைவு.
- மும்முனை மின்சாரமும், இயந்திரத்தைச் சுற்றி நடமாட இடமும் உண்டு.
- இயந்திரத்தை முறையாகப் பயின்ற ஒருவரே அதனை இயக்குவார் என்னும் உறுதி உண்டு.

கடைசி நிபந்தனையே முதன்மையானது. யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டும் பட்டறையில் ஸ்பிண்டில் இருக்கக் கூடாது.

பெரும்பாலான சிறு பட்டறைகளுக்கு முதலில் ஒரு பேண்ட்சாவும் 12 மி.மீ. தண்டு ஏற்கும் ரூட்டர் பொருத்திய மேசையும் போதுமானவை. நல்ல அச்சுப்பலகை செய்யவும், மர ரேகையைப் பார்த்து வெட்டவும், முனை நுழையும் நொடியில் கவனமாக இருக்கவும் தச்சர் அங்கே பழகிக்கொள்வார். பின்னாளில் வேலை பெருகி ஸ்பிண்டில் வாங்கினாலும் அந்த அச்சுகளுள் பல அப்படியே அதற்கும் பொருந்தும். சிறிய உள்வளைவுகளுக்கு ரூட்டர் மேசை தொடர்ந்து உதவும்.